அஞ்சுதெங்கின் நார்ச்சோறு



தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நம்மவர், வீட்டு முகப்பில் இரண்டு தொட்டிகளையேனும் வைத்துத் துளசியும் கறிவேப்பிலையும் வளர்க்காமல் இருப்பதில்லை. தொட்டிக்கு நல்ல மண் வேண்டுமென்று கேட்டால், அந்நகரத்துக் கடைக்காரர் செங்கல் வடிவில் பழுப்பு நிறக் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். அதன் எடை 650 கிராம். வாளியில் இட்டு நான்கு லிட்டர் நீர் வார்த்தால், அது சிறிது நேரத்திற்குள் பொங்கிப் பூரித்து எட்டு லிட்டர் அளவுக்கு மேல் மெத்தென்ற தூளாகி விடுகிறது. கடைக்காரர் அதனைக் ‘கோகோ பீட்’ என்கிறார்.

அக்கட்டி நம் தென்னையின் மட்டையிலிருந்து வந்தது. அதன் வரலாற்றை அறிய விரும்புவோர் செல்லவேண்டிய இடங்களில் முதன்மையானது, திருவனந்தபுரத்திற்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் காயலுக்கும் இடையே கிடக்கும் அஞ்சுதெங்கு என்னும் சிற்றூர். அங்குச் செல்லுமுன், அப்பெயரின் பின்பாதியாகிய ‘பீட்’ என்பது யாது என்று அறிந்து கொள்வோம்.

குளிர் நாடுகளின் சதுப்பு நிலங்களில் பாசியும் புல்லும் ஆண்டுதோறும் மடிந்து நீருக்குள் அமிழ்கின்றன. அந்நீரில் காற்று இல்லை, புளிப்பு மிகுதி. ஆதலால் அவை முற்றும் மக்காமல் பாதி மக்கிய நிலையிலேயே படிந்து இறுகுகின்றன. இப்படிவத்தைப் புல்கரி எனலாம். நிலக்கரியாகும் வழியில் இயற்கை வைத்த முதற்படி அது. ஓராண்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே அது வளரும். ஒரு மீட்டர் ஆழமுள்ள புல்கரியை வெட்டி எடுப்பவன், ஓராயிரம் ஆண்டின் சேமிப்பை வெட்டி எடுக்கிறான்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆலந்திலும் ஏழை மக்களின் அடுப்பை எரித்தது புல்கரியே. வேனிற்காலத்தில் சதுப்பின் நீரை வடித்து, நீண்ட மண்வெட்டியால் செங்கல் செங்கல்லாக அறுத்து, நிலத்தில் பரப்பி, சற்று உலர்ந்தபின் காற்றோட்டமாக நிறுத்தி வைத்து, நன்கு காய்ந்ததும் வீட்டின் பக்கத்தில் அடுக்கிக் கொள்வர். பின்னர் இயந்திரங்கள் வந்தன. சதுப்பின் மேற்பரப்பைச் சுரண்டித் தூளாக்கி, வெயிலில் உலர்த்தி, வாரிக் குவித்து, மின் நிலையங்களுக்கும் எரிகட்டித் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினர். தோட்டக்காரர்களும் அதனை நாடினர்; நீரைப் பிடித்து வைத்து வேருக்கு இதமாக அளிக்கும் குணம் அதற்கு உண்டு. அயர்லாந்து அரசு 1946-இல் இதற்கெனவே போர்ட் நா மோனா என்னும் நிறுவனத்தை அமைத்தது. அந்நிறுவனமே 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புல்கரி எடுப்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஏன் நிறுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டில் புல்கரி இல்லையோ எனின், உண்டு. நீலகிரியின் உச்சியில் புல்வெளிகளுக்கு நடுவே உள்ள சதுப்புகளில் அது படிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் குடியேறிய வெள்ளையர், குளிருக்கு விறகு போதாமையால் அதனை வெட்டி எரித்தனர். எரியாமல் எஞ்சியது பிற்காலத்தில் வேறொரு பயன் தந்தது. சுகுமார், ரமேஷ் முதலிய அறிஞர்கள் அப்படிவங்களை அடுக்கடுக்காக ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் பருவமழை பெருகியதையும் சுருங்கியதையும் 1993-இல் உலகிற்கு எடுத்துரைத்தனர். அடுப்பில் போயிருந்தால் அவ்வேடுகள் சாம்பலாகியிருக்கும்.

கேரளத்தின் குட்டநாட்டிலும் ‘கரி நிலம்’ எனப் பெயர் பெற்ற வயல்கள் உள்ளன. கரியைப் போலக் கறுத்த மண். அதனுள் பாதி மக்கிய மரத்துண்டுகள் புதைந்து கிடக்கும். பண்டொரு காலத்தில் காடு நீரில் அமிழ்ந்ததன் அடையாளம் அது. மண்ணின் கடும் புளிப்போடு போராடியே அங்கு உழவர் நெல் விளைவிக்கின்றனர். இவ்வாறு புல்கரிக்கு உறவான மண் இங்கு உண்டு எனினும், வெட்டி விற்கும் அளவில் இல்லை. ஆனால் புல்கரி செய்யும் வேலையைச் செய்யவல்ல மற்றொரு பொருள் இக்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. பல தலைமுறைகளாக அதனை யாரும் மதிக்கவில்லை.

இனி அஞ்சுதெங்கிற்கு வருவோம். தெங்கு என்பது தென்னையின் பழந்தமிழ்ப் பெயர். ஐந்து தென்னை என்று பொருள்படும் இவ்வூரின் பெயரை ‘அஞ்செங்கோ’ என்று ஆங்கிலேயர் திரித்தனர். அற்றிங்கல் அரசியின் இசைவைப் பெற்று, 1690-களில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு ஒரு கோட்டை கட்டினர். அவர்கள் முதன்மையாகத் தேடி வந்தது மிளகு. கம்பெனியாரின் செருக்கும் வஞ்சகமும் பொறுக்காத மக்கள் 1721-இல் அற்றிங்கலில் அவர்களைத் தாக்கி அழித்தனர். ஆங்கிலேயரை எதிர்த்து இந்திய மண்ணில் எழுந்த முற்பட்ட கிளர்ச்சிகளில் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர் எண்ணுவர். கோட்டை இன்றும் நிற்கிறது; மிளகு வாணிகம் போய்விட்டது. ஆனால் ‘அஞ்செங்கோ’ என்ற சொல் வேறொரு வழியில் உலகச் சந்தையில் நிலைத்தது. மெல்லியதாய், வன்மையாய், முறுக்குக் குலையாததாய் உள்ள ஒருவகைக் கயிற்று நூலுக்கு அதுவே வாணிகப் பெயராயிற்று.

கயிற்றின் வரலாறு கோட்டையின் வரலாற்றினும் மிகப் பழையது. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கலங்களைப் பாரசீக வளைகுடாவில் கண்டதாக மார்க்கோ போலோ எழுதினார். மாலத்தீவின் தென்னங்கயிற்றைப் பற்றி இபின் பதூதா எழுதியுள்ளார். மலையாள நாட்டின் ‘கயர்’ என்னும் சொல்லைப் போர்த்துக்கேசியர் தம் மொழிக்குக் கொண்டு சென்றனர். அதுவே ஆங்கிலத்தில் ‘காயர்’ ஆயிற்று. நம் ‘கயிறு’ அதன் உடன்பிறப்பு. கேரளக் காயல்களில் ஓடும் கெட்டுவள்ளம் என்னும் பெரும்படகும் இவ்வாறு கயிற்றால் கட்டப்பட்டதே. அதன் பெயரே அதனைக் கூறும்.

அக்கெட்டுவள்ளங்கள் திருவனந்தபுரத்தை எட்ட நீர்வழி வேண்டும். ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில், 1820-களில், தலைநகரையும் கடினங்குளம் காயலையும் இணைக்கும் பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. வடக்கே வர்க்கலைக் குன்று வழியை மறித்தது. தஞ்சைச் சீமையிலிருந்து சென்று 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த சேஷய்யா சாஸ்திரியார் காலத்தில் அக்குன்றைக் குடையும் பணி முனைந்து நடைபெற்றது. 1880 அளவில் சுரங்க நீர்வழி நிறைவுற்றது. பிழைப்பிற்காகவும் பணிக்காகவும் வேற்று நாடு சென்ற தமிழர், சென்ற இடத்தில் நிலைத்த பணி செய்தமைக்கு இதுவும் ஒரு சான்று. மட்டையும் நாரும் கயிறும் ஏற்றிய படகுகள் அவ்வழியே ஊர்ந்தன.

மட்டை கயிறாவது எவ்வாறு என்று கேட்பீர்கள். தேங்காயின் மேலுறையை நாம் மட்டை என்கிறோம். குமரி நாட்டார் கதம்பை என்பர். மலையாளத்தார் தொண்டு என்பர். முற்றியும் முற்றாமலும் இருக்கும் காயின் பச்சை மட்டைகளைக் கயிற்று வலைகளில் கட்டி, காயலின் உவர்நீரில் அமிழ்த்தி, மேலே சேறும் ஓலையும் இட்டுப் பாரம் ஏற்றிவிடுவர். ஆறு திங்கள் முதல் பத்துத் திங்கள் வரை அவை ஊறும். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் நாரையும் நாரையும் ஒட்டவைத்திருக்கும் பசையை மெல்ல மெல்லத் தின்றுவிடும். பின்னர் மட்டைகளை வெளியே எடுத்து, மேல்தோலை உரித்து, கட்டை மீது வைத்து, மரக்கொட்டாப்புளியால் அடித்தால் நார் பிரியும்.

அடிப்பவர் பெண்கள். சிறையின்கீழ், கடைக்காவூர், அஞ்சுதெங்கு, பெருமாதுறை எனக் காயலோரம் முழுவதும் விடியற்காலையில் எழும் ஓசை அவர்களுடைய கொட்டாப்புளியின் ஓசையாகவே நெடுங்காலம் இருந்தது. அழுகிய மட்டையின் நாற்றம் உடம்பை விட்டு நீங்காது. உவர்நீரிலும் சேற்றிலும் கைகால்கள் புண்ணாகும். அடித்த மட்டைகளின் எண்ணிக்கைக்குத் தக்கவாறே கூலி. அடித்த நாரை உலர்த்தி, கோதி, உள்ளங்கையாலோ ராட்டினத்தாலோ முறுக்கிக் கயிறாக்குவோரும் பெரும்பாலும் பெண்களே. கப்பல்களை நங்கூரத்தோடு பிணைத்த கயிறும், ஐரோப்பிய மாளிகைகளின் வாயிலில் கிடந்த மிதியடியும் இவர்களுடைய கைகளைக் கடந்தே சென்றன.

அம்மிதியடிகளை நெய்யும் தொழிற்சாலை இங்கு முதன்முதல் தோன்றியது 1859-இல். அயர்லாந்து வழிவந்த அமெரிக்கரான ஜேம்ஸ் டாரா, ஹென்றி ஸ்மெயில் என்பவரோடு கூடி ஆலப்புழையில் அதனை நிறுவினார். புல்கரி எரியும் நாட்டின் வழியில் வந்தவர், புல்கரிக்கு மாற்றாகும் பொருள் குவியும் தொழிலைத் தொடங்கினார் என்பது வரலாற்றின் விந்தை. அவ்விந்தையை அவரும் அறியார். தொழில் வளர்ந்தது, தொழிலாளர் உணர்வும் வளர்ந்தது. 1922-இல் வாடப்புறம் பாவாவின் முயற்சியால் ஆலப்புழையில் தோன்றிய திருவிதாங்கூர்த் தொழிலாளர் சங்கம் அந்நாட்டின் முதல் தொழிற்சங்கமாகும். 1938-இல் கயிற்றுத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். விடுதலைக்குப்பின் 1953-இல் கயிற்றுத் தொழில் சட்டம் இயற்றப்பட்டு, அதன்படி கயிறு வாரியம் அமைந்தது.

இத்தனை ஆண்டுகளிலும் எல்லோரும் நாரையே நோக்கினர். மட்டையை அடிக்கும்போது நாரினின்று உதிரும் தக்கை போன்ற தூளை யாரும் நோக்கவில்லை. ஒரு பங்கு நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பங்கு தூள் உதிரும். மலையாளத்தார் அதற்கு இட்ட பெயர் ‘சகிரிச்சோறு’. தமிழிலும் மரஞ்செடிகளின் உள்ளே இருக்கும் மென்பகுதியைச் சோறு என்றே கூறுகிறோம். சோற்றுக் கற்றாழையையும் பனஞ்சோற்றையும் நினைவிற் கொள்க. ஆதலின் நார்ச்சோறு என்று நாமும் கூறுவோம். பெயர்தான் சோறே ஒழிய, அது எவர்க்கும் சோறு போடவில்லை. காயற்கரையில் கொட்டினர், கொட்டியது மழையில் கரைந்து நீரில் இறங்கியது. எளிதில் மக்காது, நன்கு எரியாது, அதன் துவர்ப்பும் உப்பும் இளஞ்செடிக்கு ஆகா.

நார் எடுக்கும் தொழிலால் காயல் பெற்ற கேடு சிறிதன்று. மட்டை ஊறும் இடங்களில் நீரிலுள்ள உயிர்க்காற்று அற்றுப்போகும். அழுகிய முட்டை போல நாறும் நச்சுக்காற்று எழும். மீனும் இறாலும் விலகும் அல்லது மடியும். கடினங்குளம் காயலில் இதனை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் அளந்து எழுதியுள்ளனர். ஒரே காயற்கரையில் கயிறு திரிப்பவர் குடிசையும் வலை வீசுபவர் குடிசையும் அருகருகே இருந்தன. ஒருவருடைய சோறு மற்றவருடைய சோற்றில் மண்ணைப் போட்டது. யாரைக் குறை கூறுவது?

நார்ச்சோற்றின் அருமையை முதலில் உணர்ந்தவர் நம்மவர் அல்லர். 1860-களிலேயே, இங்கிலாந்தில் தென்னைநாரைக் கொண்டு தொழில் செய்தவர்கள் ஒதுக்கிய கழிவை அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் வாங்கிச் செடி வளர்க்கப் பயன்படுத்தினர். ஆயினும் அதன் தரம் ஒருபடித்தாக இல்லை. பக்கத்திலேயே புல்கரி மலிவாகக் கிடைத்தது. எனவே அது மறக்கப்பட்டது. மறந்ததை நினைவூட்டியது 1980-களின் சூழ்நிலை. புல்கரிச் சதுப்புகள் உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடு அளவே உள்ளன. எனினும் உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதினும் மிகுந்த கரிப்பொருளை அவை அடக்கி வைத்திருக்கின்றன. சதுப்பை வடித்து வெட்டினால் அக்கரி வளியாகி வானிற் கலந்து உலகின் வெப்பத்தைக் கூட்டும். அரிய செடிகளும் பறவைகளும் அழியும். இவ்வுண்மை தெளிவாகத் தெளிவாக, ஐரோப்பியத் தோட்டக்காரர் மாற்றுப் பொருள் தேடினர். ஆலந்தின் கண்ணாடிக் கூடங்களில் மலர் வளர்ப்போரின் பார்வை மீண்டும் தென்னையின்மீது விழுந்தது. அயர்லாந்து நிறுவனம் புல்கரி எடுப்பதை நிறுத்தியமைக்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

நார்ச்சோற்றைச் செடிக்கு ஏற்றதாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மக்கவைத்தல். சிப்பிக்காளான் இனத்தைச் சேர்ந்த பூசணம், வேறெதுவும் எளிதில் தீண்டாத லிக்னின் என்னும் கடினப் பொருளையும் சிதைக்கவல்லது. அதனைக் கொண்டு கயிறு வாரியத்தினர் ‘பித்பிளஸ்’ என்னும் விதைக்கலவையை உருவாக்கினர். நிழலில் 100 கிலோ நார்ச்சோற்றைப் பரப்பி, அதன்மேல் 400 கிராம் பித்பிளஸ் தூவி, மற்றொரு 100 கிலோவைப் பரப்பி, அதன்மேல் 1 கிலோ யூரியா இட்டு, இவ்வாறே மாறி மாறிப் பத்து அடுக்குகள் அமைப்பர். ஒரு டன் குவியலுக்கு 2 கிலோ பித்பிளஸும் 5 கிலோ யூரியாவும் செலவாகும். ஈரம் உலராமல் 30 நாள் காத்தால் தூள் கறுத்து எருவாகும். தொடக்கத்தில் தழைச்சத்து ஒன்றுக்குக் கரிச்சத்து 112 என்றிருந்த விகிதம், முடிவில் 24 என்று குறையும். அதன்பின் அது பயிரின் வாயிலிருந்து தழைச்சத்தைப் பறிக்காது, பயிருக்கு ஊட்டும்.

மற்றொரு வழி, மக்காமலே பண்படுத்திக் கட்டியாக்குதல். முதலில் சலித்து நார்த்துணுக்குகளை நீக்குவர். பின்பு நல்ல நீரில் பலமுறை அலசி உப்பைக் களைவர். உயர்ந்த தரம் வேண்டுமாயின் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பர். தூள் இறுகப் பற்றியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் விலகிச் சுண்ணச்சத்து அவ்விடத்தைப் பெறும். அதன்பின் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தி, இயந்திரத்தால் அழுத்துவர். ஐந்து மடங்கு பருமனுள்ள தூள் ஒரு மடங்காகச் சுருங்கும். 5 கிலோ எடையுள்ள பெருங்கட்டிகள் கப்பலேறும். 650 கிராம் சிறுகட்டி உங்கள் வீட்டிற்கு வரும். அயர்லாந்துக் குடியானவன் சதுப்பிலிருந்து அறுத்த செங்கலும் இக்கட்டியும் வடிவில் ஒத்திருப்பதைக் காணலாம். ஆனால் அது ஆகப் பல நூற்றாண்டுகள். தென்னையோ ஆண்டு முழுவதும் காய்க்கிறது.

இன்று இந்தியா ஏற்றுமதி செய்யும் தென்னைநார்ப் பொருள்களுள் முதலிடம் பெற்றிருப்பது கயிறன்று, மிதியடியன்று, கொட்டிவிட்ட இச்சோறே. 2020–21-இல் அவ்வேற்றுமதி முழுவதின் மதிப்பு 3,700 கோடி ரூபாயைக் கடந்தது. அதன் ஆராய்ச்சிக்கெனக் களவூரில் கயிறு வாரியத்தின் நிலையமும், திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் கேரள அரசின் தேசியக் கயிறு ஆராய்ச்சி மேலாண்மை நிறுவனமும் பணி புரிகின்றன.

ஆயினும் செல்வம் அஞ்சுதெங்கில் முழுதும் தங்கவில்லை. மட்டை அடிக்கும் இயந்திரம் வந்தபோது, கையால் அடிக்கும் பெண்களின் பிழைப்புப் போய்விடும் என்று 1970-களில் கேரளத் தொழிலாளர் அதனை எதிர்த்தனர். அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆனால் இயந்திரம் மலையைக் கடந்து தமிழகத்தில் வேரூன்றியது. பொள்ளாச்சியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆலைகள் பெருகின. இன்று கேரளப் பெண்கள் முறுக்கும் கயிற்றின் நாரில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் செல்கிறது. ஊறும் மட்டைகள் குறைந்ததால் காயல் சற்றே மூச்சு விடுகிறது; அதே அளவுக்குக் கொட்டாப்புளியின் ஓசையும் அடங்கியது. கேட்டிற்கு முடிவு வந்தபோது வேலைக்கும் முடிவு வந்தது.

இக்கணக்கில் மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. நார்ச்சோற்றை அலச நன்னீர் மிகுதியாக வேண்டும். அலசிய நீர் தேநீர் போலச் சிவந்து, உப்போடு வெளியேறும். அதனை முறையின்றி விட்டதால் கிணற்றுநீர் நிறம் மாறியது என்று கொங்கு நாட்டு உழவர் முறையிட்டுள்ளனர். அயர்லாந்தின் சதுப்பைக் காப்பதற்காகப் பொள்ளாச்சியின் கிணற்றைக் கெடுத்தல் அறமாகாது. அலசிய நீரைத் தேக்கித் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துவதும், அருகிலுள்ள தோட்டத்திற்கே மக்கிய எருவாக இடுவதும் இயலாத காரியங்கள் அல்ல. செலவு ஏறும் என்பதே தடை. அச்செலவை ஏற்க வேண்டியவர் ஆலைக்காரர் மட்டும் அல்லர். கட்டி வாங்கும் நாமும், கப்பலில் வாங்கும் மேனாட்டாரும் ஏற்க வேண்டும்.

கழிவு என்று ஒன்றை ஒதுக்குவது நம் அறியாமையைக் காட்டுகிறது. அதனைச் செல்வம் என்று கொண்டாடும்போது, அதற்காக யார் என்ன இழந்தார் என்று கேளாமல் விடுவது நம் அன்பின்மையைக் காட்டுகிறது. அஞ்சுதெங்கின் வரலாறு இவ்விரண்டையும் நமக்கு உணர்த்துகிறது.

அன்பர்களே, அடுத்த முறை அப்பழுப்புக் கட்டியை வாளியில் இட்டு நீர் வார்க்கும்போது, அது மெல்லப் பொங்குவதை உங்கள் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள். அது நம் ஊர்த் தென்னையின் சோறு என்று கூறுங்கள். உப்பங்காற்றில், இடுப்பளவு நாற்றத்தில், கொட்டாப்புளி ஏந்தி நின்ற பெண்களின் கைகளைப் பற்றியும் கூறுங்கள். முதலில் வடியும் சிவந்த நீரை வீணாக்காமல், பெரிய மரம் எதற்கேனும் வார்த்துவிட்டுத் துளசியை நடுங்கள்.